நோன்பு நாளில் ஒரு துளி நீர்

போர் முடிந்து கடற்றடைகள் நீங்கியபின், கற்பிட்டியில் நானும் என் மனைவியின் மூத்த சகோதரரும் பங்காக ஒரு பலநாள் படகு வைத்திருந்தோம். மகன் அதைச் செலுத்தும் ஸ்கிப்பர். எஞ்சின் மச்சானின் பொறுப்பு. இயந்திரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான் மேற்பார்வை செய்தேன்.

எஞ்சினுக்குள் செல்லும் சூடான காற்றைக் கடல்நீர்க் குழாய்கள் குளிர்விக்கும் பகுதியே ஆஃப்டர்கூலர். குழாயொன்றில் விழுந்த கீறல் பெரிதானால், எஞ்சின் நிற்கையில் கடல்நீர் சிலிண்டருக்குள் இறங்கும்; மறுபடி இயக்கும்போது எஞ்சின் இறுகிவிடும். ஆகவே புறப்படுமுன் கூலரின் அடியாணியைக் கழற்றி, வடியும் துளியை நாவில் வைத்துப் பார்ப்போம். உப்பில்லையெனில் வெறும் காற்றின் ஈரம். உப்பெனில் கூலரை இறக்கி, காற்றடைத்து, தொட்டி நீரில் அமிழ்த்திக் குமிழி தேடவேண்டும். சென்ற மாதம் அப்படிச் சோதித்ததாக மச்சான் சொல்லியிருந்தார்.

அன்று நோன்பு. துளி என் விரலில் இருந்தது. ருசித்துத் துப்பினால் நோன்பு முறியாது என்பதை அறிவேன், ஆயினும் தயங்கினேன்.

"நீங்க பேணுதலா இருங்க மச்சான். என்ட நோன்புக்கு நான் பொறுப்பு" என்று சிரித்தபடி அவர் ருசித்துத் துப்பினார். "நல்ல தண்ணி. வேர்வைதான்."

"மாமா சொன்னாச் சரி. வாப்பா, பாடம் எடுக்காம எறங்குங்க" என்றான் மகன்.

இறங்கினேன்.

ஐந்தாம் நாள், வலை இழுப்பதற்காக நிறுத்திய எஞ்சின் மீண்டும் இயங்கவில்லை. காற்று எழுந்து, படகு அலைக்குக் குறுக்கே திரும்பியது. மற்றவர்களை இன்னொரு படகு மீட்டது. மகனைக் கடல் கொண்டுபோயிற்று. நல்லடக்கம் செய்ய மையித் கிடைக்கவில்லை.

கட்டியிழுத்து வந்த படகின் கூலரை நானே திறந்தேன். வெடித்த குழாயின் வாயில் பச்சைக் களிம்பு தடித்திருந்தது. சில நாட்களில் படியும் களிம்பல்ல அது. மச்சானை அழைத்துக் காட்டினேன்.

"அண்டைக்கு ருசி எப்பிடி இருந்திச்சி?"

அவர் களிம்பை விரலால் தடவினார். "உப்புத்தான் மச்சான்."

"பிறகு?"

"போன மாசம் தொட்டியில போட்டுப் பாத்தன் எண்டு சொன்னனே, பாக்கல்ல. உப்பு எண்டு சொன்னா அது வெளிய வந்திரும். படிச்ச மனிசன்ட முன்னுக்கு... இந்த ஒரு தரம் போய் வந்திட்டா நானே கழட்டிச் செய்வம் எண்டு நெனச்சன்."

மாணவர்களிடம், தான் பாராத சோதனையில் கையொப்பமிடாதே என்று எத்தனையோ முறை சொன்னவன் நான்.

மனைவிக்கு இது தெரியாது. மகனைக் கடல் எடுத்தது என்றே நம்புகிறாள். அவளுடன் சேர்ந்து அழுத ஒரே உறவு, நானா என்று அவள் அழைக்கும் அந்த அண்ணன்தான். மறு ஆண்டின் முதல் நோன்பன்று கஞ்சிச் சட்டியை என்னிடம் நீட்டி, "நானா தனிய இருப்பாரு, சூடு ஆறமுந்திக் குடுத்திட்டு வாங்க" என்றாள்.

மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார். சட்டியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "தங்கச்சிக்கு..." என்று தொடங்கினார்.

"சொல்லல்ல" என்றேன். "சொல்லவும் மாட்டன். அவளுக்கு நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."

நோன்பு திறக்கும் பாங்கு சொல்லுமுன் வீடு திரும்பிவிட்டேன்.