வாசற்படியோடு நின்ற குடம்

அந்த அலுமினியக் குடத்தின் அடியில் ஒரு நெளிவு இருந்தது. வாசற்படிக் கல்லில் வைத்தால் ஒரு பக்கம் ஆடி, கொஞ்சம் தண்ணீரைச் சிந்திவிட்டுத்தான் நிற்கும். குடத்தை எடுத்த பிறகும் கல்லில் ஈர வட்டம் ஒன்று கிடக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில், பெங்களூர் அல்சூரில், இருபது வயதில் நான் செய்த ஊழியம் முழுவதும் எனக்கு அந்த வட்டமாகத்தான் நினைவிருக்கிறது.

எங்கள் கிறிஸ்தவ சபை சிறியது. கல்யாணத்துக்கு முன் இளைஞர்கள் இரண்டு வருடம் முன்பின் தெரியாத ஊரில் ஊழியம் செய்ய வேண்டும் என்பது அதன் வழக்கம். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, வாரம் ஒரு கடிதம். நல்லது கெட்டது எதற்கும் வீட்டுக்குப் போகக் கூடாது. இருவர் இருவராகத்தான் போக வேண்டும், தனியாக எவர் வீட்டுக்குள்ளும் கால் வைக்கக் கூடாது என்பது எல்லாவற்றிலும் பெரிய விதி. மீறினால் விலக்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஸ்டேஷன் வரைக்கும் சொந்தபந்தத்தைக் கூட்டிவந்து வழியனுப்பிய அப்பா, அப்புறம் சபையில் தலைகாட்ட முடியாது. மூன்றாம் மாதம் என் கூட்டாளி மஞ்சள் காமாலையோடு ஊர் திரும்பினான். மாற்று ஆள் வரும்வரை வாசலோடு நின்று பிரசுரம் கொடுத்துப் பொறுத்திரு என்று சபை மூப்பர் எழுதினார். நான்கு மாதம் பொறுத்திருந்தேன். கன்னடம் தெரியாது, தமிழ் பேசுகிறவர்களோ டையைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். சில நாட்களில் பொழுது சாயும்போது, காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும். முழங்காலில் நின்றால் ஜெபமும் வராது, அழுகைதான் வரும்.

அப்போதுதான், பின்னால் நான் அண்ணன் என்று கூப்பிட்ட அந்த மனிதரைப் பார்த்தேன். பஞ்சாலைத் தொழிலாளி, முப்பத்தைந்து வயதிருக்கும். இயந்திரத்தில் கால் நசுங்கி, கட்டோடு கிடந்தார். மனைவி பிரசவத்துக்காகத் தங்கவயலில் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். அக்கம்பக்கத்தார் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். துண்டுப்பிரசுரத்தை நீட்டிய என்னிடம், "அத்த அப்பால வெச்சிட்டு ஒரு கொடம் தண்ணி புடிச்சாந்து குட்றியா தம்பி?" என்றார்.

அன்றிலிருந்து அவர் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய் வரிசையில் நின்றேன். டை கட்டிக்கொண்டு குடத்தோடு நிற்பவனைப் பார்த்துப் பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "பொண்ணு பாக்க வந்தியாப்பா, தண்ணி புடிக்க வந்தியா?" என்று ஒரு அக்கா கேட்டார். காது சிவந்தாலும் உள்ளூர சந்தோஷம்தான். என்னோடும் ஒருவர் பேசினாரே.

குடத்தை வாசற்படியில் வைத்து "வெச்சிட்டேண்ணா" என்பேன். அவர் தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வருவார். உள்ளே வைத்திருந்த பானையில் சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றிக்கொள்வார். நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். விதியை மீறவில்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு. ஏன் உள்ளே வருவதில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டுமே, அது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். மொண்டுகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "சேரிக்காரன் வூடுன்னுதானே படியோட நிக்கிற? வேதக்காரங்களுக்குங்கூட நாங்க தீட்டா தம்பி?"

விதி என்று சொல்ல வாயெடுத்தேன். சிந்திய தண்ணீரில் நனைந்திருந்த அவர் கால்கட்டைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். ஷூவைக் கழற்றிப்போட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது, இருந்தும் போனேன். சுவரில் ஒரு புத்தர் படம் இருந்தது. இத்தனை நாள் வாசலில் நின்றவனுக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. பானையை நிரப்பினேன், கட்டை மாற்றினேன். "உக்காரு" என்று அவர் குடித்த லோட்டாவிலேயே எனக்கும் தண்ணீர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். "அடப்பாவி, இத்த மொதல் நாளே சொல்லக் கூடாதா? மனசுக்குள்ள உன்ன எவ்ளோ திட்டிக்கினு இருந்தேன்!" என்று சிரித்தார்.

அதுவரை கடவுளைப் பற்றிப் பேசத்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அன்றுதான் முதல்முறையாகப் பக்கத்தில் ஒருவர் இருப்பதுபோல் இருந்தது. அது வெறும் அண்ணன்தான் என்று யாராவது சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

மூப்பருக்கு எழுதும் வாரக் கடிதத்தில், உள்ளே போனதை மறைக்காமல் எழுதினேன். ஊருக்கு அனுப்பவில்லை; சேலத்துக்கு மாற்றினார்கள். பெட்டியோடு போய் வாசலில் நின்று, "போய்ட்டு வரேண்ணா" என்றேன். "சொல்றத உள்ள வந்து சொல்லு" என்றார். மறுநாள் அவருக்கு யார் தண்ணீர் பிடித்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது அதே பெங்களூரில், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒன்பதாம் மாடியில் தனியாக இருக்கிறேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் வெளிநாட்டில். தண்ணீர் கேன் கொண்டுவருகிறவர் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு மணியடிப்பார். நேற்று, "உள்ள வந்து வெச்சிட்டுப் போங்களேன்" என்றேன். "உள்ள வரக் கூடாது சார், இங்க ரூல்ஸ் அப்படி. கேமரா இருக்கு" என்று லிஃப்டைப் பார்த்து நடந்தார். காரணத்தையாவது சொன்னார், நான் அதைக்கூட இரண்டு வாரம் சொல்லாதவன்.

எண்பது தாண்டியவனுக்குக் கேனைத் தூக்க வலு ஏது? தரையில் உட்கார்ந்து, காலால் கொஞ்சமும் கையால் கொஞ்சமுமாக உள்ளே இழுத்தேன். அது இருந்த இடத்தில் ஓர் ஈர வட்டம். காயும்வரை கதவைச் சாத்தாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.