பொம்மை நோயாளிக்கு நான் கொடுத்த குரல்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஈப்போவில் ஒரு தனியார் தாதியர் கல்லூரியில் நடந்தது இது. அரசு மருத்துவமனைகளில் ஆண் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற என்னை, சிமுலேஷன் வகுப்புக்குப் பாடம் எழுத அழைத்திருந்தார்கள். வார்டைப் போலவே ஓர் அறை. கட்டிலில் மூச்சுவிடும், நாடி துடிக்கும் ஒரு பொம்மை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அதன் நாடியை நாங்கள் ஏற்றலாம், இறக்கலாம், ஒலிவாங்கியில் அதற்காகப் பேசலாம். மாணவர்கள் அதை நிஜ நோயாளியாகவே கவனிக்க வேண்டும்.

என் முதல் பாடத்தில் நோயாளி, ரப்பர் தோட்டத்தில் வேலைசெய்யும் ஒரு வயதான பால்மரத் தொழிலாளி. சைக்கிளிலிருந்து விழுந்து, கைப்பிடி வயிற்றில் இடித்தவர். வெளியே காயமில்லை, உள்ளே இரத்தம் கசிகிறது. கேட்டால் ஒன்றுமில்லை என்பார். நாடியைப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். பார்க்காவிட்டால் இறந்துவிடுவார்.

உடன் வேலைசெய்த ஆசிரியைக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை.

"மொத வருசப் பிள்ளைங்க அண்ணே, பயந்துரும் லா. கடைசியில பொழைக்கிற மாதிரி மாத்துங்களேன். ஆமா, இந்தக் கேஸ எங்க புடிச்சீங்க?"

"ஏதோ பழைய புத்தகத்துல" என்றேன். அது பொய்.

பயிற்சி நாளில் அறைக்குள் வந்த மாணவி, பாரிட் புந்தார் என்ற ஊர்ப் பக்கத்துப் பெண். தமிழ்ப் பிள்ளை என்பதால் பொம்மைக்காகத் தமிழிலேயே பேசினேன்.

"எங்கயாச்சும் வலிக்குதா தாத்தா?"

"ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன். நீ போயி மத்தவங்கள பாரு."

அவள் போர்வையைச் சரிசெய்தாள். நோயாளிக்குக் குறை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். நான் நாடியை ஏற்றிக்கொண்டே இருந்தேன். அவள் திரும்பி வந்தபோது பொம்மையின் மூச்சு நின்றிருந்தது.

பயிற்சி முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து நடந்ததைப் பற்றிப் பேச வேண்டும். யாரையும் குத்திக்காட்டக் கூடாது என்பது அங்கே முதல் விதி. நான் அத்தனை பேர் முன்னால் கேட்டேன்: "ஒரு ஆளக் கொன்னுட்டியே. போர்வைய இழுத்துவிடத்தான் படிக்க வந்தியா?" சிலர் சிரித்தார்கள். "அவருதானே சார் ஒண்ணுமில்லன்னாரு" என்றாள், மிக மெதுவாக.

மறுநாள் காலை ஆசிரியை என் மேசைக்கு வந்தார். "அந்தப் புள்ள படிப்ப விட ஃபாரம் வாங்கிட்டா. மத்தியானம் அப்பா கூட்டிட்டுப் போக காடியோட வாராராம். சந்தோசமா அண்ணே?"

இனி உண்மையைச் சொல்கிறேன். அந்தப் புத்தகம் எங்கும் இல்லை, அது என் கையில் நடந்த கேஸ். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஒரு மாவட்ட மருத்துவமனையில் வேலை. கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன் நான். வெள்ளைச் சட்டைக்காரர் கேட்டால் எங்கள் ஆட்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் லாயக்கில்லை என்று வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. இது எனக்கு நன்றாகவே தெரியும். சைக்கிளிலிருந்து விழுந்து வந்திருந்த, என் அப்பா வயதுள்ள ஒரு தொழிலாளி என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒண்ணுமில்லைங்க ஐயா" என்றார். ஓய்வறையில் கேரம் ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. நான் அவர் கையைத் தொடவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் எழுதியிருந்த நாடி எண்ணிக்கையைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டு ஆடப் போனேன். சாயங்காலம் அவர் இறந்துபோனார். யாரும் என்னைக் கேட்கவில்லை. என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

அந்தப் பெண்ணாவது பொம்மை சொன்னதை நம்பினாள். நானோ தெரிந்தே போனேன்.

நான் தேடிப் போனபோது அவள் விடுதி வாசலில் பையோடு உட்கார்ந்திருந்தாள். "பத்து நிமிசம் வகுப்புக்கு வாம்மா. அப்புறம் போலாம்" என்றேன்.

"மறுபடியும் திட்டவா சார்?"

"இல்ல. இன்னைக்கு என் முறை."

வந்தாள். எல்லோர் முன்பும் நின்று, கேரம் ஆட்டம் உட்பட ஒன்றையும் விடாமல் சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் கேட்டாள்: "அப்ப நேத்து திட்டுனது என்னையா, உங்களையா சார்?"

"என்னையத்தான். உன் மேல போட்டுட்டேன். மன்னிச்சிரும்மா."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. தோளிலிருந்த பையை நாற்காலியில் வைத்தாள். "அப்பா வர்றதுக்குள்ள இன்னொரு தடவ செய்யலாமா சார்?"

நான் கண்ணாடிக்குப் பின்னால் போனேன். அதே கேள்வியைக் கேட்டாள். அதே பதிலைச் சொன்னேன்.

"சரி தாத்தா, ஒண்ணுமில்ல. கைய மட்டும் குடுங்க."

பொம்மையின் மணிக்கட்டைப் பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். முகம் மாறியது. "டாக்டரக் கூப்பிடுங்க!" என்று அவள் போட்ட சத்தம் ஒலிவாங்கி இல்லாமலே எனக்குக் கேட்டது.

மதியம் வந்த அவள் அப்பா, கேண்டீனில் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே ஊர் திரும்பினார்.

பிறகு பாடத்தைத் திருத்தினோம். இங்கே தவறு செய்யலாம் என்று மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முடிவை மட்டும் நான் மாற்றவில்லை. நாடி பார்க்காவிட்டால் அவர் இன்றும் இறக்கிறார், ஏனென்றால் அவர் இறந்தார். ஆனால் பயிற்சி முடிந்து உட்காரும்போது, முதலில் தன் தவறைச் சொல்கிறவன் நான். ஒவ்வொரு புது அணியிடமும் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் கேரம் ஆட்டத்தை மட்டும் சொல்லாமல் விடத் தோன்றுகிறது. அதை விட்டுவிட்டுச் சொல்லி முடிக்கும் நாள் வந்தால், அன்றோடு இந்தப் பாடம் நடத்தும் தகுதி எனக்குப் போய்விடும்.