லின்ஃபீல்டிலிருந்து போன புள்ளடி

பிரிட்டிஷ் தேர்தல் முடிவு பார்ப்பதற்காக ஆபீசுக்கு லீவு போட்டவன் ஆக்லாந்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அங்கே இரவு பத்து மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்தால் இங்கே மறுநாள் காலை ஒன்பது. அந்த ஊர்க்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு பார்ப்பதை நான் குளித்து, இட்லி சாப்பிட்டு, சோபாவில் கால் நீட்டிப் பார்க்கலாம். பூமி உருண்டையாக இருப்பதால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இது. மேலாளரிடம் "குடும்ப விஷயம்" என்று சொன்னேன். முழுப்பொய் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவின் விஷயம். அதில் ஒரு தப்பும் நடந்திருந்தது. தப்பைச் செய்தவன் நான்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் நர்சாக இருந்து, ஓய்வு பெற்று, மகள் இருக்கும் ஊர் என்று ஆக்லாந்தில் எங்கள் லின்ஃபீல்டுக்கு வந்தவர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மரவேலி. அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் நாங்கள் உலக அரசியலைத் தீர்த்துவைப்போம்.

ஒருநாள் அந்த வேலியில்தான் சொன்னார்: "முப்பது வருஷமா நான் போட்ட புள்ளடி எல்லாத்தையும் சேர்த்தா ஒரு கோழிப்பண்ணையே வைக்கலாம் தம்பி. ஒண்டும் வெல்லேல்லை."

எனக்குக் கோழி புரிந்தது, மற்றது புரியவில்லை. ஓட்டுச் சீட்டில் போடும் பெருக்கல் குறிக்கு அவர்கள் ஊரில் புள்ளடி என்று பெயராம். பறவையின் கால்தடம் போல இருப்பதால். இங்கிலாந்திலும் அதே குறிதான். நான் தமிழ்நாட்டுக்காரன். எங்கள் வாத்தியார்கள் அந்தக் குறியைப் போட்டால் கணக்குத் தப்பு, அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று அர்த்தம். என் நோட்டு முழுக்க கோழி நடந்திருக்கிறது.

"பிடிச்ச ஆளுக்கா தப்பு போடுவீங்க?" என்றேன்.

"அதுதான் தம்பி, நான் போட்ட ஆக்கள் எல்லாரும் பிழைச்சே போச்சினம்." பிழைத்தது என்றால் அவர்கள் பேச்சில் தப்பாய்ப் போனது.

கட்சிகளை நிறத்தால் சொல்கிறேன், அங்கே அப்படித்தான் பழக்கம். நீலமும் சிவப்பும் பெரிய கட்சிகள். அக்காவின் கட்சி மஞ்சள், மூன்றாவது. அக்கா இருந்த தொகுதியோ நீலத்தின் கோட்டை. ஒரு தொகுதியில் யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கே தொகுதி, மற்றவர்களுக்கு விழுந்த ஓட்டுக்கு எங்கேயும் மதிப்பில்லை. எங்கள் ஊரிலும் இதே முறைதானே, இதில் என்ன அதிசயம் என்றுதான் இங்கே வரும்வரை நினைத்திருந்தேன். இங்கே வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டுகளைக் கையில் கொடுத்தார்கள். நாடு முழுக்கக் கட்சிக்கு எவ்வளவு விழுந்ததோ ஏறக்குறைய அந்த அளவுக்கு இடம். இந்த நாடும் ஒரு காலத்தில் பிரிட்டன் முறையில்தான் இருந்ததாம். மக்களையே கேட்டு, அவர்களே ஓட்டுப் போட்டு, ஓட்டுப் போடும் முறையையே மாற்றிக்கொண்டார்களாம். உட்கார்ந்திருக்கும் கிளையையே, கீழே இறங்காமல் மாற்றி வைத்த மாதிரி. இதைக் கேட்டு நான் வாய் பிளந்தபோது அக்கா சொன்னார்:

"இங்கிலாந்திலையும் ஒருக்காக் கேட்டவை. முறையை மாத்துவமோ எண்டு. சனம் வேண்டாமெண்டிட்டுது. அதிலையும் நான் தோத்தனான்."

இங்கே குளிர்காலமாக இருந்தபோது அங்கே தேர்தல் வந்தது. தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்திருந்தார்கள். அக்காவின் பழைய தெரு ஒரு புதுத் தொகுதிக்குள் போய் விழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, மஞ்சள் ஜெயித்தாலும் ஜெயிக்கலாம் என்று பேச்சு. வெளிநாட்டில் வெகுகாலம் இருப்பவர்களும் பழைய முகவரியை வைத்துத் தபாலில் ஓட்டுப் போடலாம் என்று சட்டமும் மாறியிருந்தது. அக்கா அன்றைக்கே பதிவு செய்துவிட்டார். அங்கிருக்கும் யாரையாவது தனக்குப் பதிலாகப் போடச் சொல்லலாமே என்றாள் மகள்.

"என்ர புள்ளடியை நான்தான் போடோணும்."

ஓட்டுச் சீட்டு வரவில்லை. அக்கா தினமும் மழையில் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பார். பீட்சா விளம்பரம் இருக்கும். வியாழக்கிழமை தேர்தல், செவ்வாய்க்கிழமை மத்தியானம் உறை வந்து சேர்ந்தது. பக்கத்துப் பகுதியான பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில் இருக்கும் தபால் கவுண்டரில் போய்க் கேட்டோம். அங்கிருந்த பெண் முகவரியைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், எங்களைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

திரும்பும்போது அக்கா காரில் உறையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வந்தார். அப்போது பின்சீட்டிலிருந்து என் மனைவிதான் சொன்னாள், அவளுடைய தோழி, பிளாக்ஹவுஸ் பேயில் இருக்கும் மலேசியத் தமிழ் டாக்டர், புதன்கிழமை லண்டன் போகிறாள் என்று. ஒரு முழுநாளுக்கு மேல் பறந்தாலும் கடிகாரம் பின்னால் ஓடுவதால் வியாழன் காலையிலேயே இறங்கிவிடுவாள். தபால் ஓட்டை அந்தத் தொகுதியின் வாக்குச்சாவடியில் வேறொருவர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம், ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால் போதும். இதையும் தேடிக் கண்டுபிடித்தவள் மனைவிதான். நான் வழி நெடுக "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் எங்கள் சமையலறை மேசை. ஒரு சீட்டு, கையெழுத்தும் பிறந்த தேதியும் எழுத ஒரு தாள், உறைக்குள் போட ஓர் உறை. டாக்டரும் வந்து காத்திருந்தாள். அக்கா சீட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பேனாவை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன யோசனை?"

போனைக் காட்டினார். ஆஸ்பத்திரித் தோழி அந்த ஊரிலிருந்து இரண்டு துண்டுப்பிரசுரங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஒன்று மஞ்சளுடையது. அதில் மஞ்சள் தூண் நீலத்தின் தோளை உரசிக்கொண்டு நிற்க, சிவப்பு எறும்பு உயரம். 'இங்கே நீலத்தைத் தோற்கடிக்க எங்களால்தான் முடியும்.' மற்றது சிவப்புடையது. அதே வாசகம், அதே தூண்கள். அதில் எறும்பு மஞ்சள்.

"ரெண்டு பேரும் ஒரே ஊரைத்தான் அளந்திருக்கினம்," என்றார் அக்கா. "அடிமட்டம்தான் வேற வேற." அவர் சொன்னது அளவுகோலை.

தோழி சிவப்புக்குப் போடச் சொல்கிறாளாம். மஞ்சளுக்குப் போட்டு ஓட்டைப் பிரித்தால் நீலம் நடுவில் புகுந்து போய்விடுமாம். "மற்றவை என்ன நினைக்கினம் எண்டு நான் நினைக்கோணும். நான் என்ன நினைப்பன் எண்டு மற்றவை நினைப்பினம். இப்பிடி நினைச்சு நினைச்சு, எனக்கு ஆரைப் பிடிக்கும் எண்டதே மறந்துபோச்சு."

எனக்கு அப்போதுதான் அந்த அதிசயம் உறைத்தது. எங்கள் தமிழ்நாட்டில் தேர்தலுக்கு முன்பே தலைவர்கள் உட்கார்ந்து, உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று கூட்டணி பேசி முடித்துவிடுவார்கள். இங்கே நியூசிலாந்தில் ஓட்டை எண்ணி முடித்த பிறகு பேசுவார்கள். பிரிட்டனில் கட்சிகள் பெரும்பாலும் பேசுவதே இல்லை. அந்த வேலையை ஒவ்வொரு ஓட்டரும் தன் மண்டைக்குள், தனியாக, ரகசியமாகச் செய்கிறார். லட்சக்கணக்கான சமையலறை மேசைகளில், கட்சி ஆபீஸ் இல்லாத, மாலை மரியாதை இல்லாத கூட்டணிப் பேச்சுவார்த்தை. அதில் ஒன்று இதோ லின்ஃபீல்டில், என் மனைவி வைத்த டீ ஆறிக்கொண்டிருக்க நடக்கிறது.

"நாங்க திரும்பிக்கிறோம். நீங்க போடுங்க," என்றாள் மனைவி. மூவரும் சுவரோடு நின்ற ஃப்ரிட்ஜைப் பார்த்துத் திரும்பிக்கொண்டோம். காந்தத்தில் ஒட்டியிருந்த குப்பை வண்டி அட்டவணையை நான் மூன்று முறை படித்தேன்.

"தம்பி, கண்ணாடியை வீட்டை விட்டிட்டு வந்திட்டன். பேர் தெரியுது, கீழை இருக்கிற பொடி எழுத்துத் தெரியேல்லை. இது டிக்கோ புள்ளடியோ?"

ஃப்ரிட்ஜைப் பார்த்தபடியே, எல்லாம் தெரிந்தவனின் குரலில் சொன்னேன்: "டிக்குதான் அக்கா. போன தடவை நாம போட்டோமே."

பேனா கீறும் சத்தம் கேட்டது. உடனேயே, "ஐயோ! அது இஞ்சையெல்லோ! அங்கை புள்ளடியெல்லோ!" நியூசிலாந்துச் சீட்டில்தான் டிக்.

டாக்டர் திரும்பினாள். "எங்க மலேசியாவுலகூட கிராஸ்தான் லா. யாரு டிக்குன்னு சொன்னது?"

மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்னங்க?" என்றாள் மனைவி. இந்தக் கேள்வியைப் பதினெட்டு வருஷமாகக் கேட்கிறாள்.

டிக்குக்கு மேலேயே புள்ளடி போட்டுவிடலாமா? அடித்துவிட்ட மாதிரி ஆகிவிடும். புதுச் சீட்டு கேட்கலாமா? நேரம் எங்கே? மனைவி போனில் தேடிப் படித்தாள். குறி எதுவானாலும், போட்டவரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் செல்லும். சந்தேகம் வந்தால், எண்ணுமிடத்தில் தேர்தல் அதிகாரி கட்சிக்காரர்களின் முன்னால் வைத்துத் தீர்மானிப்பார்.

"எண்ணம் தெளிவோ?" அக்கா சீட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் சத்தம் வரவில்லை. "எனக்கே அது கடைசி நிமிஷத்திலைதானே தெளிஞ்சது."

உறையை ஒட்டி டாக்டரிடம் கொடுத்தார். புதன்கிழமை அது கிளம்பிப் போனது. வியாழன் இங்கே ராத்திரி படுக்கப்போகும் நேரத்தில் டாக்டரின் குரல் செய்தி வந்தது. ரயில் பிடித்து அந்த ஊருக்கே போயிருக்கிறாள். "அக்கா, கொடுத்தாச்சு லா. ஒரு சர்ச் ஹால். ஃபார்ம்ல என் பேரு, அட்ரெஸ், ஏன் நான் கொண்டுவந்தேன்னு எல்லாம் எழுதச் சொன்னாங்க. பெரியவர் ஒருத்தர், எங்கிருந்து வர்றேன்னு கேட்டார். ஆக்லாந்துன்னேன். பேனாவைக் கீழ வெச்சுட்டு எழுந்து நின்னுட்டார்."

அக்கா அதை நான்கு முறை கேட்டார். ஐந்தாவது முறை நான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதிலிருந்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் ஓட, வெளியே மழை கொட்ட, அக்கா கண்ணாடியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். தொகுதி தொகுதியாக முடிவுகள் வர வர நான் பிரமித்துப்போனேன். நாடு முழுக்கச் சன்னமாகப் பரவி லட்சக்கணக்கில் ஓட்டு வாங்கிய ஒரு கட்சிக்குக் கைவிரல்களில் எண்ணும் அளவு இடம். அதைவிடக் குறைவாக வாங்கி, சில ஊர்களில் மட்டும் குவிந்து வாங்கிய கட்சிக்குக் கொத்துக்கொத்தாக இடம். ஒரே மாவுதான். கல் முழுக்க இழுத்துவிட்டவனுக்குத் தோசை பிய்ந்துபோனது, நாலு இடத்தில் ஊற்றியவன் நாலு ஊத்தப்பம் எடுத்துவிட்டான்.

"அதாலைதான் உந்தப் பெரிய கட்சியள் பிரியாமல் இருக்கினம்," என்றார் அக்கா. "உள்ளுக்குள்ளை ஒருத்தரோட ஒருத்தர் முகம் குடுத்துக் கதைக்கமாட்டினம். பிரிஞ்சா ரெண்டு பேருக்கும் வீடில்லை. இஞ்சத்தை ஆக்களுக்கு ஆளுக்கொரு ஃபிளாட் இருக்கு, கோவிச்சுக்கொண்டு போகலாம்."

எங்கள் பெரியப்பா வீட்டுக் கூட்டுக்குடும்பம் ஞாபகம் வந்தது. இரண்டு அடுப்பு, ஒரே வாசல். அது பாசம் என்று நான் நினைத்திருந்தேன். வாசலை வைத்த கொத்தனாரின் வேலை அது என்று தெரிந்துகொள்ள ஆக்லாந்து வரவேண்டியிருந்தது.

மூன்று மணி ஆயிற்று. அக்காவின் தொகுதி வரவில்லை. மூன்றரைக்குத் திரையின் அடியில் ஊரின் பெயர் ஓடியது. மறு எண்ணிக்கை. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நூலிழை.

அக்கா தம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, இப்ப அங்கை விடியப்போகுது. ஒரு மண்டபத்திலை லைட்டைப் போட்டுக்கொண்டு சனம் நிக்கும். ஒருத்தர் என்ர சீட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, இந்த மனுசி என்ன நினைச்சவ எண்டு மற்றவையைக் கேட்டுக்கொண்டு நிப்பார்."

அது அக்காவின் சீட்டாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. டிக் போடும் ஆசாமிகள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"முப்பது வருஷம் அந்த ஊரிலை இருந்தன். நீ என்ன நினைக்கிறாய் எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. இப்ப கேக்கினம்."

உலகத்தின் அடிக்கோடியில் என் ஃப்ரிட்ஜுக்கு இரண்டடி தள்ளிப் போட்ட ஒரு சின்னக் கீறல். அது என்ன சொல்கிறது என்று அறிய உலகத்தின் மறுகோடியில் நாலு பேர் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார்கள். எவ்வளவு ஓட்டை உடைசலான முறையாக இருந்தாலும் இருக்கட்டும். இந்தத் தலைசாய்ப்புக்கு நான் லீவு போட்டது தகும்.

நாலரைக்கு முடிவு வந்தது. மஞ்சள். இரண்டு பஸ்ஸில் ஏற்றிவிடக்கூடிய அளவு ஆட்கள்தான் வித்தியாசம்.

நான் சோபாவில் ஏறி நின்று கத்தினேன். மனைவி இறங்கச் சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை, அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, அந்தப் புது எம்.பி.யின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, ஜெயிச்சாச்சே!"

"ஓம். இவ்வளவு காலமும் அங்கை எது நடந்தாலும், நான் போட்ட ஆள் இல்லை எண்டு நிம்மதியா இருந்தனான். இனி ஆரைப் பிழை சொல்லுறது? இந்தாள் ஏதும் பிழை விட்டா நானெல்லோ பொறுப்பு."

மறுநாள் காலையில் அக்கா வேலியில் நிற்கவில்லை, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் சமையலறைக்கே வந்துவிட்டார். எம்.பி.க்கு எழுதவேண்டுமாம்.

"வாழ்த்தா?"

"வாழ்த்தோ? ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸை நிப்பாட்டிப் போட்டாங்கள் எண்டு சிநேகிதி சொன்னவள். அதைக் கேக்கோணும்."

ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி எழுதி முடித்தார். எம்.பி.யின் இணையதளப் படிவத்தின் கடைசியில் ஒரு சின்னக் கட்டம். 'நான் இந்தத் தொகுதியின் வாக்காளர்.' அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதுக்கு டிக்கோ, புள்ளடியோ?"

நான் ஃப்ரிட்ஜைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.