பூஜையன்று அணைந்திருந்த கம்ப்யூட்டர்

போன வருடம், ஆயுதபூஜை முடிந்த மூன்றாம் நாள். தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இணையம் விட்டுவிட்டு வருகிறது என்று கூப்பிட்டார்கள். கடை கடையாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில்.

அங்கே இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர், லினக்ஸ் போட்டது. அதன் முன்னால் ஒரு பெண் சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் வேலையாம். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஆறு மணியோடு கடைசி. அடுத்த வருடம் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். மழையில் செல்போன் சிக்னலும் இல்லை.

ஐ.பி. முகவரி சரியாக இருந்தது. நெட்வொர்க் கார்டும் வேலை செய்வதாகவே காட்டியது. ஆனால் இணையத்தைப் பகிர்ந்து தரும் ரவுட்டரிலிருந்து சிறிது நேரம் பதில் வரும், பிறகு வராது. கேபிளை மாற்றினேன். நெட்வொர்க்கை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். மணி ஐந்தேகால் ஆனதும், நெட் கொடுப்பவர்கள்தான் காரணம் என்று கடைக்கார அண்ணாச்சியிடம் கூசாமல் சொன்னேன்.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்: "சார், ஜெராக்ஸுக்கு ஆள் வந்தா இது நின்னு போவுது. அண்ணாச்சி அந்த மிஷின அணைச்சதும் திரும்ப வருது. மூணு தடவ பாத்துட்டேன்."

கரண்டு மிச்சம் பிடிக்க அண்ணாச்சி அதை அவ்வப்போது அணைத்துவிடுவார். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் புது ஜெராக்ஸ் மிஷினைப் பூஜையன்று நல்ல நேரம் பார்த்து நெட்வொர்க்கில் சேர்த்தவன் நான்தான். ஐ.பி. முகவரியின் கடைசி எண்ணாக ஐம்பதைக் கொடுப்பது என் பழக்கம். அந்த முகவரி காலியா என்று என் லேப்டாப்பிலிருந்து பார்த்தேன். பதில் வரவில்லை, கொடுத்துவிட்டேன். எப்படிப் பதில் வரும்? அதே ஐம்பதை நான் முன்பே கொடுத்திருந்த கம்ப்யூட்டர், பூஜைக்காக அணைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமுமாக எதிரில்தான் இருந்தது. ஒரே முகவரியில் இரண்டு மிஷின்கள் ஒரே நேரத்தில் ஓடினால் இணையம் இப்படித்தான் தடுமாறும்.

மிஷினின் முகவரியை மாற்றினேன். ஐந்து நாற்பதுக்கு விண்ணப்ப எண் வந்தது.

"நீங்க வரலேன்னா என் கதி என்னாயிருக்கும், சார்" என்றார் அந்தப் பெண்.

"தம்பி கை வச்சா சரியாயிரும்லா" என்றார் அண்ணாச்சி.

நான் எதையும் மறுக்கவில்லை. அண்ணாச்சி வாங்கித் தந்த டீயையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போதெல்லாம் எந்தக் கடைக்குப் போனாலும், போன தடவை நான் என்ன செய்துவிட்டுப் போனேன் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். ஆனாலும் பழுதைக் கண்டுபிடித்தவரே எனக்கு நன்றி சொன்னதும், அதை நான் வாங்கிக்கொண்டதும் நினைவுக்கு வரும்போது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.