ஜெகின் விட்ட கோல்

வளைகுடாத் துறைமுக ஊரான சோஹாரில் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் ஊரைக் கேட்பார்கள், அடுத்து எந்த ஃபுட்பால் டீம் என்று கேட்பார்கள். ஜெகினிடம் மட்டும் இப்போதெல்லாம் அந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் திருதிருவென விழிக்கிறான். துறைமுகத்தில் கிரேனுக்கு அடியில் நின்று இரும்புக் கட்டுகளைக் கொக்கியில் மாட்டிவிடுகிற ரிக்கர் அவன். வயது முப்பத்தாறு. கை நடுங்காத வேலைக்காரன். குழப்பம் முழுக்கக் காலில்தான்.

தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் அவனுக்கு ‘ரஷ்’ என்று பெயர். ஒருநாள் யாரோ யூடியூபில் பழைய ஆட்டம் ஒன்றை ஓடவிட்டிருந்தார்கள். ஒல்லி உடம்பும் நீண்ட மூக்கும் மீசையுமாக ஒரு வெள்ளைக்காரர் கோல் அடித்துவிட்டுக் கையை உயர்த்தி ஓடிவந்தார். “லேய், இது நம்ம ஜெகினுல்லாடே!” என்று ரூமே அலறியது. வேல்ஸ் நாட்டு இயன் ரஷ். லிவர்பூலுக்கு அவரளவு கோல் அடித்தவர் வேறு யாருமில்லை. அப்படிப்பட்டவர் ஒரு உலகக் கோப்பையில்கூட ஆடியதில்லை. அவர் ஆடிய காலத்தில் அவருடைய சின்ன நாடு அங்கே போய்ச் சேரவே இல்லை. இதைக் கேட்டதும் ஜெகினுக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார். ஊரில் ஈஸ்டர் டோர்னமென்ட் நடக்கும்போதெல்லாம் லீவ் கிடைக்காமல் இங்கேயே கிடந்தவன் அல்லவா!

அதனால் அவன் உலகக் கோப்பை சோஹாரில்தான். இங்கே வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் ஒரு டீம் வைத்திருக்கிறார்கள். கேப்டன் ஞானையா. கோல்கீப்பர் லிஜோ. லிஜோ ஜெகினின் தங்கை சுபிஷாவைக் கட்டியவன், ஒரே ரூமில் எதிர்க் கட்டிலில் படுப்பவன். போன சீசனில் ஞானையா, “ஒனக்க காலு பழையபடி இல்லடே. கடேசி பத்து நிமிசம் எறங்கு, போரும்” என்று ஜெகினைப் பெஞ்சில் உட்கார வைத்தார். அவர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறவர்மேல்தானே நமக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்! ஜெகின் காய்கறி மொத்தக் கடை டீமுக்குப் போய்விட்டான். அதை நடத்திய அஹ்சன் பாய், பாகிஸ்தான்காரர், கையோடு ஸ்ட்ரைக்கர் போடும் ஒன்பதாம் நம்பர் ஜெர்சியைக் கொடுத்தார்.

“ரஷ்ஷே லிவர்பூல விட்டு இத்தாலிக்குப் போவலியா?” என்று ரூமில் நியாயம் பேசினான். ரஷ் ஒரே வருடத்தில் திரும்பி வந்ததையும், பழைய டீம் அவரைச் சேர்த்துக்கொண்டதையும், அந்த சீசன் கோப்பை ஃபைனலில் பெஞ்சிலிருந்து இறங்கி இரண்டு கோல் அடித்ததையும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீடியோவைத்தான் போர்வைக்குள் திரும்பத் திரும்பப் பார்த்தான். புது டீமில் ‘ஜல்தி ஜல்தி’ என்று கத்துவார்கள், பந்தை மட்டும் கொடுக்க மாட்டார்கள். ரூமிலோ அவன் உள்ளே வந்தால் ஆட்டப் பேச்சு சட்டென்று நின்றுவிடும். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. திரும்பிப் போக வேண்டும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

அப்படி இருக்கையில்தான் செமிஃபைனலில் இரண்டு டீமும் மோதின. கடைசி நிமிடங்கள், யாரும் கோல் போடவில்லை. நீளமாக வந்த ஒரு பந்தைப் பிடிக்க லிஜோ முன்னால் ஓடிவந்தான், வழுக்கினான், குப்புற விழுந்தான். பந்து ஜெகின் காலில். எதிரே ஆளில்லாத கோல்போஸ்ட். முகமெல்லாம் செயற்கைப் புல் டர்ஃபின் கறுப்பு ரப்பர் துகள் ஒட்டிக் கிடந்த லிஜோ அவனை நிமிர்ந்து பார்த்தது நினைவிருக்கிறது. வலது காலைத் தூக்கியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, பந்து போஸ்டுக்கு வெளியே உருண்டுகொண்டிருந்ததுதான். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றுமே இல்லை. லிஜோ எழுந்து அந்தப் பந்தை எடுத்து வைத்து ஓங்கி உதைத்தான், அதிலேயே ஊர் டீம் கோல் போட்டு ஜெயித்தது.

“சச் போலோ, பாய்” என்றார் அஹ்சன் பாய். உண்மையைச் சொல் என்று கெஞ்சுவது போலத்தான் கேட்டார்.

“மாலூம் நஹி” என்றான் ஜெகின். தெரியவில்லை என்பதுதான் உண்மை.

“கலாஸ்”, முடிந்தது என்று ஜெர்சியைக் கழற்றி வாங்கிக்கொண்டார் அஹ்சன் பாய்.

அவன் வெறும் மேலோடு நிற்கும்போதே ஊர்க்காரர்கள் வந்து தூக்கினார்கள். ஞானையா கட்டிப்பிடித்துக்கொண்டார். “நம்ம பய நமக்காக விட்டாம்லே!”

“இல்லண்ணே, தவறிப்போச்சு.”

எல்லோரும் கண்ணடித்துச் சிரித்தார்கள். “ஆமா ஆமா, தவறித்தான் போச்சு!” ஃபைனலுக்கு ஒன்பதாம் நம்பர் அவனுக்குத்தான் என்று ஞானையா அங்கேயே அறிவித்துவிட்டார். பெஞ்சு கிடையாது, முதலிலிருந்தே ஆட்டம்.

அவன் ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது, ஆனால் வாயில் வைக்க முடியவில்லை. ரஷ்ஷைத் திரும்பச் சேர்த்தது அவர் அடிக்கப்போகும் கோலுக்காக. இவனைச் சேர்த்தது இவன் விட்ட கோலுக்காக. தெரிந்தே விட்டிருந்தால் அஹ்சன் பாய்க்குத் துரோகி. தெரியாமல் விட்டிருந்தால் ஞானையா சொன்னதுபோல் கால் போய்விட்டது. இந்த இரண்டில் தான் யார் என்று தெரியாமல் வாரம் முழுக்க மண்டை காய்ந்தான். வேலையில் ஒருமுறை கொக்கியை மாட்டாமலே கிரேனுக்குக் கைகாட்டிவிட்டுத் திட்டு வாங்கினான்.

லிஜோ மட்டும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபைனல் அன்று, லீவ் நாளான வெள்ளிக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும், “வா மச்சான்” என்று ஆளில்லாத டர்ஃபுக்குக் கூட்டிப்போனான். அன்று விழுந்த அதே இடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டான். “அடி.”

ஜெகின் அடித்தான். பந்து உள்ளே போனது. மறுபடி அடித்தான், உள்ளே போனது. மைதானத்தைச் சுற்றி மூச்சு வாங்க ஓடிவந்து அடித்தான். கண்ணை மூடிக்கொண்டுகூட அடித்தான். எல்லாம் உள்ளே. ‘மாதாவே, ஒண்ணாவது வெளிய போவட்டு’ என்று வேண்டிக்கொண்டான். வெளியே போகச் சொல்லி வேண்டிய ஸ்ட்ரைக்கர் உலகத்திலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்! அதுவும் உள்ளேதான் போனது.

ஜெகின் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “அப்பம் நான் வேணும்னுதான் விட்டேனா? நான் கள்ளனா மச்சான்?” அவனுக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதான்.

லிஜோ எழுந்து உட்கார்ந்தான். சட்டையில் ஒட்டிய கறுப்புத் துகளை ஒவ்வொன்றாகத் தட்டினான்.

“எனக்குத் தெரியல்ல மச்சான். ஒனக்கும் தெரியல்ல.” பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். “ரூம்ல நீ ஒத்தைக்கு உக்காந்து அந்த வீடியோவப் பாக்கும்ப எனக்குச் சங்கடமா இருக்கும். இன்னொரு காரியம் சொல்லட்டா? இத்தன வருசமா கோலி நிக்கேன். ஒருநாளாவது நான் வழுக்கி விழுந்து பாத்திருக்கியா?”

ஜெகின் யோசித்தான். பார்த்ததில்லை.

“அன்னைக்கு வழுக்கிச்சா, இல்ல ஒனக்காக நானா விழுந்தேனா?” லிஜோ அவன் முகத்தையே பார்த்தான். “அதத்தான் நானும் ஒரு வாரமா யோசிக்கேன்.”