ரோஜாப் படம் போட்ட அட்டை

இன்று காலை ஒரு அட்டையைப் படித்தேன். நானே படித்தேன்!

(எழுபத்து நான்கு வயதில் எழுத்துக்கூட்டுகிறவன் நான். இந்தப் போஸ்டைக் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். இப்போது மாலை நான்கு. நடுவில் சாப்பிட்டேன்.)

என் மனைவி எஸ்தர் இருந்தவரை தினமும் காலையில் எனக்கு ஒரு பைபிள் வசனம் வாசித்துக் காட்டுவாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன்.

அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. காலையில் காபி இருக்கிறது, வசனம் இல்லை.

மகள் மேரியிடம் கேட்டால் வாசிப்பாள். ஆனால் குரல் வேறு.

அதனால் கோயில் மண்டபத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். எட்டு மாதம் ஆகிறது.

முதன்முதலில் படித்தது பஸ் போர்டு. 'குத்தாலம்' என்று சத்தமாகப் படித்தேன். கண்டக்டர், "ஏறுங்க பெரியவரே, அங்கதான் போவுது" என்றார்.

(நான் போக வேண்டியது பாபநாசம்! படித்த சந்தோஷத்தில் ஏறிவிட்டேன்.)

இன்று எஸ்தருடைய பாட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். உள்ளே இரண்டு அட்டைகள். ரோஜாப் படம் போட்டது என்னுடையது. ஆட்டுக்குட்டி போட்டது அவளுடையது.

எங்கள் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு வரும். வசன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொல்லும் வார்த்தை அது.

இந்த இரண்டும் நாங்கள் கல்யாணமாகி முதல் புத்தாண்டில் எடுத்தவை. எனக்கு இருபத்திரண்டு, அவளுக்குப் பத்தொன்பது.

அதற்கு முந்தின சில மாதங்கள் பொல்லாத காலம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டோம். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கிக் குறுவை அறுப்பை முடித்துக்கொண்டார். எங்கள் குடிசைகள் அவருடைய இடத்தில் இருந்தன. காலி செய்யச் சொல்லிவிட்டார்.

வேதாரண்யம் உப்பளத்தில் வேலை இருக்கிறது என்று சித்தப்பா மகன் ஆள் அனுப்பியிருந்தான். நான் மட்டும் போவது, பிறகு அவளைக் கூப்பிட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். துணி மூட்டையும் கட்டியாகிவிட்டது.

(எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போன இரண்டு பேர் திரும்பவே இல்லை. எஸ்தருக்கும் அது தெரியும்.)

கோயில் வாசலில் ரோஜா அட்டையை அவளிடம் நீட்டினேன்.

"என்ன போட்டிருக்கு, வாசி."

அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னடி, எழுத்து மறந்துபோச்சா?"

"இருங்க, பொடி எழுத்தா இருக்கு... 'ஒன்ன இந்த மண்ணுலயே நட்டு வைப்பேன், இனிமே ஒருத்தரும் புடுங்க முடியாது'ன்னு போட்டிருக்கு."

"நெசமாவா?"

"ஆண்டவர் சொல்லிட்டாரு. அப்பறம் ஒங்க இஷ்டம்."

வீட்டுக்கு வந்ததும் மூட்டையை அவிழ்த்தேன்.

இரண்டு முறை கூரையைப் பிரித்துப் போட்டார்கள். இரண்டு முறையும் மறுபடி கீற்று வேய்ந்தோம். சாயங்கால ஜெபத்தில் அவள் மிராசுதார் பெயரையும் சேர்த்துச் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அந்தாளு பேர எதுக்குடி சொல்ற?"

"சொல்லலேன்னா அவரு மேல இருக்குற கோவம் எனக்குள்ளயே தங்கிப்போயிரும். ஒங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன், கண்ண மூடுங்க."

பிறகு அரசாங்கம் சட்டம் போட்டது. குடியிருந்த மனை எங்கள் பேருக்கே வந்தது. அந்த மனையில் உட்கார்ந்துதான் இப்போது டைப் செய்கிறேன்!

அன்றிலிருந்து "என் அட்டை பலிச்சுது" என்று ஊரெல்லாம் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு புத்தாண்டும் அதை வாசிக்கச் சொல்வேன். அவளும் ரோஜா அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே வாசிப்பாள். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

இன்று நானே வாசித்தேன். ரோஜா அட்டையில் மண்ணும் இல்லை, நடுவதும் இல்லை.

ஊரையும் வீட்டையும் விட்டுப் புறப்பட்டுப் போ, நான் காட்டுகிற தேசத்துக்குப் போ என்கிறது அது!

மூன்று முறை படித்தேன். எனக்குத்தான் எழுத்துத் தடுமாறுகிறதோ என்று ஆட்டுக்குட்டி அட்டையை எடுத்தேன். மண் அதில் இருந்தது. நட்டு வைப்பதும் அதில் இருந்தது.

மேரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதுவாப்பா? எட்டாங்கிளாஸ் படிக்கிறப்பவே எனக்குத் தெரியுமே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. 'அதுல இருக்குறத வாசிச்சிருந்தா ஒங்கப்பா அன்னிக்கே பஸ் ஏறியிருப்பாரு. என் அட்டைய அவருக்குக் குடுத்துட்டு அவரோடத நான் வாங்கிக்கிட்டேன். ஆண்டவர்கிட்டயும் சொல்லிட்டேன், போறதா இருந்தா நான் மொதல்ல போறேன்னு' அப்படின்னாங்க."

கோபம் வந்தது. கொஞ்சம்தான். சிரிப்பும் வந்தது. அப்புறம் எழுத்து மங்கிவிட்டது, கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

சொன்னபடியே முதலில் போய்விட்டாள்.

ஒரே ஒரு நிமிடம் எதிரில் வந்து உட்கார்ந்தால் போதும். "எஸ்தரு, இத வாசி" என்று நீட்டுவேன். அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அந்தத் தேசம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் அங்கே இருக்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி உங்கள் அட்டையை வாங்கிக்கொண்டார்களா? கமெண்டில் எழுதுங்கள். (மெதுவாகப் படிப்பேன். கட்டாயம் படிப்பேன்.)

ரோஜா அட்டையை என் சட்டைப்பைக்கு மாற்றிவிட்டேன். அது என்னுடையது, நான் எடுத்தது. கூப்பிடும் நாளில் கிளம்புவேன். போய்ச் சேர்ந்ததும் அவளை உட்காரவைத்து நானே வாசித்துக் காட்டுவேன்.

அட்டையில் இருப்பதை மட்டும்!