பத்தோடு பதினொன்று

எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் ஒரு தகரப் பலகை உண்டு. பத்துப் பேர், அறுநூற்று எண்பது கிலோ. பத்தோடு பதினொன்று என்று யாரையும் சேர்த்துக்கொள்ள முடியாது. எடை மிஞ்சினால் மணி அடிக்கும், கதவு மூடாது, யாராவது இறங்கியே ஆக வேண்டும். யார் என்று பலகையில் எழுதவில்லை. கடைசியாக ஏறியவர் இறங்குவது என்பது நாங்களாக வைத்துக்கொண்ட சட்டம்.

டத்தோ கிராமாட் வட்டாரத்துக் கட்டடத்தில் பதினைந்தாவது மாடி எங்களுடையது. இரண்டு லிஃப்டில் ஒன்று படுத்து வெகு நாளாகிறது. கட்டும்போது வீட்டுக்கு நாலு பேர் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். இப்போது மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர் இல்லாத வீடு குறைவு. வேறு எங்கே போவார்கள்? கடலைத் தூர்த்துக் கட்டுகிற வீடுகளை எங்களால் வேடிக்கை பார்க்கத்தான் முடியும்.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள், காலை ஆறரைக்கு டயாலிசிஸ். சக்கர நாற்காலியில்தான் போக வேண்டும். ரொம்பத் தாமதமானால் அந்த இடத்தை அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் சாமி கும்பிடும்போதுகூட அந்த லிஃப்டுக்காக ஒரு வார்த்தை சேர்த்து வேண்டிக்கொள்வேன்.

எதிர்வீட்டில் பங்களாதேஷ்காரர்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஒரு முறை அந்த ஒற்றை லிஃப்டும் நின்றுபோனபோது, அவர்களில் நாலு பேர் இவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துப் பதினைந்து மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முன்னால் பிடித்தவர் ஒரு தாடிக்காரர். நான் கைகூப்பியபோது, "தாப்பா, அக்கா" என்றார். பரவாயில்லை என்று மலாயில் சொன்னார்; அக்கா என்பது எங்களிடம் கற்றது.

அந்த மனுஷரைத்தான் நான் இறக்கிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாமான் வாங்கித் திரும்பியிருந்தோம். கணவர் மடியில் பத்துக் கிலோ அரிசி. என் காலடியில் மினரல் தண்ணீர் இரண்டு பெட்டி, தண்ணீரை அளந்து குடிக்கிற மனுஷன் இருக்கும் வீட்டுக்கு! மலிவாகக் கிடைத்ததென்று இன்னொரு மின்விசிறி வேறு. தாடிக்காரர் எங்களுக்கு முன்பே ஏறி மூலையில் நின்றிருந்தார். நாங்கள் ஏறியதும் மணி அடித்தது. ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை, எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். எனக்கு அலுப்பு, அதோடு கோபம்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? பெண்டாத்தாங்தானே நீ, எறங்கு லா!" என்று கத்தினேன்.

பெண்டாத்தாங் என்றால் வந்தேறி. பள்ளிக்கூடத்தில் என்னை அப்படிச் சொன்னவளின் சடையைப் பிடித்து இழுத்துவிட்டு, தலைமையாசிரியர் அறை வாசலில் ஒரு நாள் முழுக்க நின்றவள் நான். அந்தச் சொல் இத்தனை வருஷம் என் வாயில் எங்கே ஒளிந்திருந்ததோ. அவர் "தாப்பா" என்று இறங்கிப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

வீட்டுக்குள் வந்ததும் கணவர் சொன்னார்: "ஆளுக்கு அறுவத்தெட்டு கிலோன்னு கணக்கு. அதுவும் வெறுங்கையோட நிக்கிற ஆளு. நம்ம சாமானும் இந்தச் சேரும் சேந்தா ஒரு ஆளு வெயிட்டு. அவன் நம்ம தண்ணிப் பொட்டிக்காக எறங்கிப் போறான்."

"ஆமா, எனக்குப் பாடம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த மாதம் பதினெட்டாவது மாடித் தம்பி ஒருவர் மனுவோடு வந்தார். "ஜனம் தாங்கல லா, அக்கா. லிஃப்டும் தாங்கல, தண்ணியும் மேல ஏறல. அந்த பங்களாதேஷ் ஆளுங்கள காலி பண்ணச் சொல்லணும். எடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்குற கூட்டம்."

உலகத்தில் ஜனம் பெருத்துவிட்டது, பூமி தாங்காது என்று முதல் நாள்தான் டிவியில் சொல்லியிருந்தார்கள். நானும் தலையாட்டியிருந்தேன். அப்போது என் மனக்கண்ணில் வந்தது எதிர்வீட்டு வாசலின் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு. ஒன்றுக்கு இரண்டாக ஃபிரிட்ஜ் நிற்கும் என் அடுப்படி வரவில்லை. கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் லோரியில் போனார்கள். பன்னிரண்டு பேரின் சாமானும் சேர்ந்து பாதி லோரிகூட நிறையவில்லை. தாடிக்காரர் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னைப் பார்த்தும் சிரித்தார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

இரண்டு வாரம் லிஃப்ட் லேசாக ஓடியது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி கதைதான். எதிர்வீட்டுக்கு வந்த குடும்பத்தில் ஆறு பேர்தான். ஆனால் சோபா மட்டும் மூன்று நடை ஏறியது, அதன் பிறகு தினம் தினம் பார்சல்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. மேலிருந்து வந்த லிஃப்டில் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள், புத்தகப் பையோடு பிள்ளைகள். நாற்காலியை உள்ளே தள்ளினேன். மணி அடித்தது. எல்லாருடைய கண்ணும் வழக்கம்போல மூலைக்குப் போனது. அங்கே தாடிக்காரர் இல்லை. அப்புறம் அத்தனை கண்ணும் எங்கள் மேல் வந்து நின்றன.

"கோவிச்சுக்காதீங்க, அக்கா" என்றார் மனு கொண்டு வந்த அதே தம்பி. "கடைசியா ஏறுனது நீங்கதானே. சேரும் வெயிட்டு. அடுத்த தடவ வாங்களேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "தாப்பா" என்றார்.

நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன். அடுத்த முறையும் லிஃப்ட் நிறைந்து வந்தது. அதற்கடுத்த முறையும்தான். அன்று அவர் இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. மறுநாள் வரை கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். ஆனால் எனக்கு மறக்காதது அந்த லிஃப்ட் வாசலில் காத்து நின்ற நேரம்.

"அந்தத் தாடிக்காரன் இருந்திருந்தா இந்நேரம் கீழ கொண்டு போய் விட்டிருப்பான்" என்றார் கணவர். கூடவே, "எந்தப் புண்ணியவான் அவங்கள வெரட்டுனானோ" என்றார்.

நான் அவருக்குப் பின்னால், நாற்காலியின் பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். நல்லவேளை, என் முகம் அவருக்குத் தெரியவில்லை.

"நேரமாச்சு" என்று மட்டும் சொன்னேன்.